இழுக்கிறதுக்கு அரபியில் என்ன

கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் பேருந்தில் எனக்கு முன் இருக்கையில் ஒரு கணவனும் மனைவியும் உட்கார்ந்திருந்தார்கள்.

"தரையில தேச்சி இழுத்தா இங்கிலீஷ்ல ட்ராக். அரபில ஜர்," என்றாள் அவள்.

"அப்ப 'டோ'ன்னா?"

"பழுதான வண்டிய கட்டி இழுக்கறது. அரபில சஹப்."

"நமக்கு எல்லாமே இழுக்கறதுதான் செல்வி. மண்டையில ஏறல."

"ஏறும் மாமா. குவைத்துல வீட்டு வேலைக்குப் போனப்ப எனக்குத் தண்ணிக்குக்கூட வார்த்தை தெரியாது."

சிதம்பரத்தில் அவருக்கு இன்டர்வியூ. குவைத்தில், பழுதான வண்டிகளை இழுத்துவரும் ரெக்கவரி வண்டி ஓட்டும் வேலையாம். ஆலப்பாக்கம் தாண்டியதும் வெளிநாட்டுக்கு ஆள் அனுப்பும் ஏஜென்டே போனில் கூப்பிட்டு இன்டர்வியூவைத் தொடங்கிவிட்டார். பேருந்து இரைச்சலில் ஸ்பீக்கரைப் போட்டார்கள்.

"கார் மணல்ல சிக்கிடுச்சு. ஓனர் ஜர், ஜர்னு கத்தறாரு. என்ன செய்வீங்க?"

அவர் மனைவியைப் பார்த்தார். நீயே சொல்லு என்பதுபோல் அவள் போனைக் காட்டினாள்.

"ஜர் பண்ண மாட்டேன் சார். பம்பர் பிஞ்சிடும். மண்ணத் தள்ளிட்டு, பெல்ட்டு மாட்டி, மெதுவா சஹப்."

எதிர்முனையில் சிரிப்பு. "வந்ததும் நேரா மெடிக்கல் செக்கப்புக்குப் போயிடுங்க. வேலை உங்களுக்குத்தான்."

அவர் போனைச் சட்டைப்பையில் வைத்தார்.

"நான் போயிட்டா ரெண்டு புள்ளைங்களையும் நீ தனியா எப்பிடிடி..."

"நான் அங்க இருந்த நாலு வருஷம் நீ தனியாத்தானே பாத்த? பொண்ணுக்குச் சட பின்னக்கூடக் கத்துக்கிட்ட. இப்ப என் முறை. நிம்மதியா போயிட்டு வா மாமா."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கண்ணைத் துடைத்துக்கொள்ள அவள் முந்தானையை அவர் கையில் கொடுத்தாள்.