பதினெட்டு மில்லிமீற்றர்

டெக்சஸுக்கு வந்து பத்தொன்பது வருடமாகியும் எனக்கு அமெரிக்கன் ஃபுட்போல் விளங்காது. பந்தைக் காலால் உதைக்க ஒருவனோ இரண்டு பேரோதான். அவர்களையும் முக்கால்வாசி நேரம் வாங்கில் இருத்தி வைத்திருக்கிறார்கள். இதைச் சொன்னால், நான் இருக்கும் காப்பெல் ஊரில் என் பக்கத்து வீட்டுக்காரர் பகிடி என்று நினைத்துச் சிரிப்பார். நானும் கூடச் சிரித்துவிட்டு என் வேலையைப் பார்க்கப் போய்விடுவேன்.

என் வேலை இருதயம். மருத்துவச் சபையின் விசாரணை அதிகாரியான உங்களுக்கு அது தெரியும். டொக்டர் தம்பிராஜா என்று பெயர் போட்ட கோப்பு இப்போது உங்கள் மேசையில்தான் இருக்கிறது. நடந்ததை என் சொந்த வார்த்தைகளில் எழுதச் சொன்னீர்கள். என் சொந்த வார்த்தைகள் தமிழில்தான் இருக்கின்றன. மொழிபெயர்ப்பாளரைத் தேடிப் பிடிப்பது உங்கள் பாடு. ஒரு வரியும் எழுத வேண்டாம் என்று என் வழக்கறிஞர் சொன்னார். நல்ல மனிதர். அவருக்குத் தமிழ் தெரியாது.

பல்கலைக்கழக அணிகளில் விளையாடும் பெடியன்களைத் தொழில்முறை அணிகள் ஒவ்வொரு ஏப்ரலிலும் சுற்றுச் சுற்றாகத் தெரிந்தெடுக்கும். அதற்கு முன்பு உடம்பைத் தலைமுதல் கால்வரை சோதிப்பார்கள். 2005ஆம் ஆண்டு, ஆறு அணிகளுக்குப் பொதுவாக இருதயம் பார்த்து அறிக்கை கொடுக்கும் வேலை எனக்கு வந்தது. என்னோடு மெக்கார்டி என்றொரு ஸ்கவுட் வருவார், ஆட்டக்காரர்களை எடைபோடுவதிலேயே கிழடானவர். ஒவ்வொருவனைப் பற்றியும் ஒரு கோப்பு வைத்திருப்பார். கை எவ்வளவு நீளம், நாற்பது யார் தூரம் ஓட எத்தனை விநாடி என்பதெல்லாம் அதில் இருக்கும். கோபக்காரனா, தாய் என்ன வேலை, தேவாலயத்துப் போதகர் என்ன சொல்கிறார் என்பதும் இருக்கும். எங்கள் ஆட்கள் மாப்பிள்ளை விசாரிப்பதும் இப்படித்தான். இருநூற்றிருபத்தைந்து இறாத்தலை மூச்சு விடாமல் எத்தனை தரம் தூக்குவான் என்று மட்டும் நாங்கள் கேட்பதில்லை.

அந்தக் கோப்புகளில் ஒன்று லவெல் கிரேடியுடையது. எதிரணி பந்தைக் கொண்டு வரும்போது முன்வரிசையில் நின்று மறித்து விழுத்துவது அவன் வேலை. ஆறடி நாலங்குலம், முந்நூறு இறாத்தல். மெக்கார்டிக்கு அவன் முதல் எட்டு எடுத்து வைக்கும் வேகம் பிடித்திருந்தது. இவ்வளவு பெரிய உடம்பு இவ்வளவு சுறுக்காகக் கிளம்பி அவர் கண்டதில்லையாம். களைத்துப்போனால் குனிந்து மோதாமல் நிமிர்ந்துவிடுகிறான், அது ஒன்றுதான் குறை என்றார். மூன்றாம் சுற்றில் எடுப்பார்கள் என்பது அவருடைய மதிப்பீடு.

லவெலை எனக்கு முன்பே தெரியும் என்று நான் மெக்கார்டியிடம் சொல்லவில்லை. அவர் கேட்கவும் இல்லை.

என் மகள் விதுஷா அவன் விளையாடிய பல்கலைக்கழகத்தில் கடைசி வருடம் படித்தாள். ஆட்டக்காரர்களுக்குப் புள்ளிவிவரப் பாடம் சொல்லிக் கொடுக்கப் போய் இவனோடு பழகியிருக்கிறாள். பெப்ரவரியில் ஒரு ஞாயிறு மத்தியானம் அவனை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்தாள். என் மனைவி ஜெயமலர் இடியப்பமும் நண்டுக் குழம்பும் வைத்தாள். முப்பத்தொரு இடியப்பம் சாப்பிட்டான். நான் வேண்டுமென்று எண்ணவில்லை, கண் எண்ணிவிட்டது. பிறகு தான் சாப்பிட்ட கோப்பையைத் தானே கழுவி வைத்துவிட்டு, வந்து என் முன்னால் உட்கார்ந்து, சேர் என்று தொடங்கி நேராகவே சொன்னான். அணிகள் எடுத்தால் எடுக்கிற ஊருக்குப் போவானாம். எடுக்காவிட்டால் இங்கேயே பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பிப்பானாம். இரண்டில் எது நடந்தாலும் விதுஷாவைக் கலியாணம் செய்ய ஆசையாம்.

எனக்கு அவனைப் பிடித்திருந்தது. அதை மறைத்து என்ன ஆகப்போகிறது.

அவன் போனபின் ஜெயமலர் மேசையைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்: "இஞ்சாருங்கோ, நல்ல பெடியன். எழும்பேக்க கதிரையை உள்ள தள்ளிப்போட்டுப் போறான். எங்கட சொந்தத்தில ஆர் அப்பிடிச் செய்யினம்?"

எனக்கு நிறம் பார்க்கிற பழக்கம் இல்லை. என் நோயாளிகளில் பாதிப்பேர் கறுப்பினத்தவர்கள். ஒருவரிடமாவது நான் முகம் சுளித்ததாக நீங்கள் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள். ஆனால் ரொறன்ரோவில் எனக்கு ஒரு அக்கா இருக்கிறாள். அவளுக்கு ஒரு தொலைபேசி இருக்கிறது. நியூ ஜெர்சியில் ஷாந்தன் என்ற சிறுநீரக டொக்டரை விதுஷாவுக்காக இரண்டு வருடமாகப் பேசிக்கொண்டிருந்தோம். சாதகக் குறிப்பும் பொருந்தியிருந்தது. இதை எப்படி அவர்களிடம் போய்ச் சொல்வது. அந்தக் கிழமை முழுக்க எனக்கு வெட்கமாக இருந்தது.

இந்த நாட்டில் வளர்ந்த பிள்ளையிடம் வேண்டாம் என்று சொன்னால் அடுத்த நாளே பதிவுத் திருமணம் நடக்கும். தூரம்தான் மருந்து. வடக்கே ஒரு அணி அவனை எடுத்துவிட்டால் பனியும் பயணமும் புகழுமாக அவன் எங்கள் வீட்டை மறந்துவிடுவான். எடுக்காவிட்டால் என் வீட்டிலிருந்து ஐந்து நிமிடத்தில் கணக்கு வாத்தியாராக நிற்பான். ஆகவே லவெல் தெரிவாக வேண்டும் என்று அவனைப் பெற்றவளைவிட நான்தான் அதிகம் விரும்பினேன்.

மார்ச்சில் அவனைச் சோதித்தேன். இடதுபக்கமாகச் சரிந்து படுத்தான், கட்டில் முனகியது. அவன் நெஞ்சில் எக்கோக் கருவியை வைத்தபோது கூச்சத்தில் சிரித்தான். இருதயத்தின் நடுச்சுவர் திரையில் தெரிந்தது. சாதாரணமாக அது பன்னிரண்டு மில்லிமீற்றரைத் தாண்டாது. கடும் பயிற்சி செய்கிறவர்களுக்குப் பதின்மூன்று, பதினாலு வரும், அதில் பயமில்லை. அவனுக்கு மேற்பகுதியில் பதினெட்டு இருந்தது. பயிற்சியால் அப்படி வராது. அது பிறவிக் கோளாறு. அப்படிப்பட்ட இருதயத்தோடு கணக்குப் படிப்பிக்கலாம், பேரப்பிள்ளையும் காணலாம். வெயிலில் முந்நூறு இறாத்தல் ஆட்களோடு மோதத்தான் கூடாது.

சுவர் எங்கும் ஒரே தடிப்பாக இருக்கவில்லை. கீழே போகப்போக மெலிந்து, ஓரிடத்தில் பதின்மூன்று இருந்தது. நான் பதின்மூன்று என்று எழுதினேன். அந்த இடத்தில் அது சரியான அளவு.

குடும்பத்தில் யாராவது திடீரென்று இறந்தார்களா என்று படிவத்தில் ஒரு கேள்வி இருக்கிறது. தாயின் தம்பி முப்பத்தொரு வயதில், கதிரை அடுக்கிக்கொண்டிருந்தவர், நின்ற நிலையிலேயே சாய்ந்து போய்விட்டார் என்று லவெல் சொன்னான். மாமன் விழுந்து இறந்தார் என்று எழுதினேன். அவர் விழுந்தது உண்மைதானே. கையெழுத்துப் போட்டுவிட்டு, சட்டையைப் போட்டுக்கொள்ளலாம் தம்பி என்று தமிழிலேயே சொன்னேன். அவனுக்கு விளங்கிவிட்டது. விதுஷா அவனுக்குக் கொஞ்சம் படிப்பித்திருக்கிறாள்.

அடுத்த நாள் விதுஷா சமையலறையில் என்னை மறித்தாள். பயிற்சி முடியும்போது அவனுக்கு இரண்டு தடவை தலை சுற்றியதாம். "அப்பா, இஸ் ஹிஸ் ஹார்ட் ஓகே?" என்று கேட்டாள்.

"நல்ல இருதயம், பிள்ளை," என்றேன்.

"ஓகே. ஐ ட்ரஸ்ட் யூ," என்று என் கன்னத்தில் கொஞ்சிவிட்டுப் போனாள்.

மெக்கார்டி சொன்னபடியே மூன்றாம் சுற்றில் எடுத்தார்கள், வடக்கே, விமானத்தில் மூன்று மணி நேரத் தூரத்தில். கேக் நான்தான் வாங்கினேன். லவெல் என்னைக் கட்டிப்பிடித்து அழுதான்; அந்த எடை என்மேல் சாய்ந்தபோது கொஞ்சம் கஷ்டமாகத்தான் இருந்தது. அன்று பின்னேரம் ஷாந்தனின் தகப்பனுக்குப் போன் எடுத்து, பிள்ளைக்குப் படிப்பு முடியட்டும், பிறகு கதைப்போம் என்றேன். நான் நினைத்ததுபோலக் காரியம் நடந்துகொண்டிருந்தது. விதுஷா மட்டும் அந்த ஊரில் வேலை தேடத் தொடங்கியிருந்தாள்.

ஓகஸ்ட்டில் பயிற்சி முகாமின் மூன்றாம் நாள் லவெல் விழுந்தான். எழுப்ப முடியவில்லை. இருபத்திரண்டு வயது.

கிழக்கு டெக்சஸில் ஒரு சிறிய தேவாலயத்தில் அடக்கம் நடந்தது. அவனுடைய தாய் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். "நீங்களே பார்த்தீர்கள், டொக்டர். ஒரு தகப்பனைப்போலப் பார்த்தீர்கள். அதனால்தான் இது தடுக்கக்கூடியதல்ல என்று என் மனம் ஆறுகிறது," என்றாள். நான் தலையாட்டினேன். அந்த நேரத்தில் ஒரு தாயிடம் வேறென்ன சொல்ல முடியும். பக்கத்தில் விதுஷா நின்றாள். அவள் அழவில்லை, என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதற்குப்பின் அவள் எங்கள் வீட்டில் தங்கியதில்லை.

உங்களிடம் முறைப்பாடு கொடுத்தது அவள்தான். லவெலின் தாயிடம் ஒப்பம் வாங்கி, எக்கோப் பதிவை எடுத்து, வேறொரு வைத்தியரிடம் காட்டியிருக்கிறாள். அவர் பதினெட்டு என்று சொல்லியிருக்கிறார். கெட்டிக்காரர்.

முறைப்பாட்டின் கடைசிப் பந்தியில் அவள் எழுதியிருப்பதை நீங்களும் படித்திருப்பீர்கள். என் தந்தை வேண்டுமென்று செய்யக்கூடியவர் அல்லர், அவருக்கு வயதாகிவிட்டது, அளவில் தவறு விட்டிருக்கிறார், இனி அவர் எக்கோ பார்க்காமல் இருப்பது எல்லாருக்கும் நல்லது. என் வழக்கறிஞர் அதைப் படித்துக் குதூகலித்தார். கவனக்குறைவு என்று ஒத்துக்கொண்டால் ஆறு மாதத் தடையோடு முடிந்துவிடுமாம்.

அந்தப் பந்தியைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. முப்பது வருடமாக நான் எந்த அளவிலும் தவறு விட்டதில்லை. அன்றும் விடவில்லை. மேற்பகுதியை மூன்று தரம் அளந்தேன்: பதினெட்டு, பதினெட்டு, பத்தொன்பது. விளையாடினால் அவன் விழுவான் என்று அன்றைக்கே தெரியும். விழுந்தாலும் என் வீட்டுக்குத் தூரத்தில்தான் விழுவான் என்று நினைத்தேன். தெரிந்துதான் பதின்மூன்று என்று எழுதினேன்.

இதை மொழிபெயர்த்ததும் ஒரு பிரதியை விதுஷாவுக்கு அனுப்பிவையுங்கள். ஒரு வருடமாக அவள் என்னோடு கதைப்பதில்லை. தகப்பனுக்கு அளக்கத் தெரியாமல் போய்விட்டதே என்ற கவலைதான் பாவம் பிள்ளைக்கு. இதைப் படித்தால் சரியாகிவிடும்.