போரான் எங்கே உட்காரும்?

— அப்போ அது எங்கதான் உட்காருதுன்னு இன்னும் யாருக்கும் தெரியாதா?

— அதுதான் அத்தை என் ஆராய்ச்சியே. அதாவது, இரும்புக்குள்ள அணுவெல்லாம் வரிசையா அடுக்கி வச்ச மாதிரி இருக்கும். நடுவுல சின்னச் சின்ன இடுக்கு. கார்பன் எப்படியோ அதுல நுழைஞ்சு உட்கார்ந்துடும். போரான் அதைவிடக் கொஞ்சம் பெரிசு. இடுக்குல போனா பக்கத்துல இருக்கறதையெல்லாம் நெட்டித் தள்ளும்.

— சாப்பாட்டு மேசையில கம்ப்யூட்டரை வச்சுக்கிட்டு இதைத்தான் பார்க்கறியா? நான் என்னமோன்னு நினைச்சேன். அது கிடக்கட்டும். இடுக்கு பத்தலன்னா என்ன பண்ணும்?

— ஒரு இரும்பு அணு இருக்க வேண்டிய இடத்துல போய் உட்காரும்னு சில பேர் சொல்றாங்க. ஆனா அந்த இடத்துக்கு அது ரொம்பச் சின்னது. அதாவது, இங்கயும் பொருந்தாது, அங்கயும் பொருந்தாது. அதனாலதான் இரும்பு அதைத் துளியூண்டுக்கு மேல சேர்த்துக்காது.

— நீ எந்தக் கட்சி?

— இடுக்குக் கட்சி.

— சரிதான். சோபாவுக்கும் அலமாரிக்கும் நடுவுல நான் படுக்கையைப் போட்டிருக்கற மாதிரி.

— ஐயோ அத்தை, நான் அந்த அர்த்தத்துல சொல்லல.

— நீ சொல்லல. உன் புருஷன் சொல்றான். காலையில அலமாரியைத் திறக்க என் தலையணையைத் தாண்டும்போதெல்லாம் ஒரு பெருமூச்சு. பெத்தவளுக்குப் பிள்ளையோட மூச்சு புரியாதா?

— அவர் சுபாவம் அது. ஆனா... தப்பா எடுத்துக்காதீங்க. அவரோட அண்ணன் வீட்டுல மூணு ரூம் இருக்கு. உங்களுக்குன்னு ஒரு கட்டில், ஒரு ஜன்னல்...

— ரெண்டு பேரும் பேசி வச்சுக்கிட்டீங்களாக்கும்.

— பேசினோம். பேச்சை எடுத்ததே நான்தான். உங்ககிட்ட மறைக்க மனசு வரல.

— மூஞ்சிக்கு நேரா சொல்றே பாரு, அதுவே பெரிசு. அது கிடக்கட்டும், காலையிலயே துணிமணியெல்லாம் மடிச்சுப் பெட்டியில வச்சாச்சு. பெரியவனுக்கும் போன் பண்ணிட்டேன். வண்டி வர்ற நேரந்தான்.

— இன்னைக்கேவா?

— தள்ளிப் போட்டா மனசு மாறிடும்.

— வேண்டாம் அத்தை. எனக்கு என்னமோ மாதிரி இருக்கு. கல்யாணம் ஆகி நாலு வருஷத்துல, போரான்னா என்னன்னு அவர் ஒரு வார்த்தை கேட்டதில்ல. நீங்கதான் உட்கார்ந்து கேட்கறீங்க. எப்படியாவது சமாளிச்சுக்கலாம். அதாவது... நீங்க இல்லாம எனக்கும் நல்லா இருக்காது.

— அட, கண்ணைத் துடை.

— நான் அவர்கிட்டப் பேசறேன். எங்க அவர்?

— பெட்டியைக் கீழ இறக்கிக்கிட்டிருக்கான்.

— அவர் பாட்டுக்கு உங்க பெட்டியைத் தூக்கிட்டுப் போனா எப்படி?

— என் பெட்டி அலமாரிக்கு மேலதானே இருக்கு. இடம் பத்தலன்னு மூச்சு விட்டவன் அவன். அண்ணன் வீட்டுல போய்க் கொஞ்ச நாள் தாராளமா இருடான்னேன், சந்தோஷமாக் கிளம்பிட்டான். அது கிடக்கட்டும், கட்டில்ல நீ எந்தப் பக்கம் படுப்பே?