போயிட்டு வாரேன்

கோழி வளர்க்கிற வீட்டில் பொழுது சாய்ந்ததும் குஞ்சுகளைப் பஞ்சாரக் கூடையில் போட்டுக் கவிழ்த்துவிட வேண்டும், டாக்டரம்மா. என் மனைவி ஜெகதீஸ்வரி அதை ஒருநாளும் மறந்தவள் இல்லை.

அவள் ஏன் இப்படி எலும்பும் தோலுமாகக் கிடக்கிறாள் என்று கேட்டீர்கள். அதற்குத்தான் வருகிறேன். எம்.ரெட்டியபட்டியில் எங்களுக்குப் பருத்திக்காடு. போர்க் கிணறு வற்றிவிட்டது. மறுபடி போட்ட போரில் வெறும் புழுதிதான் வந்தது. மழையும் மண்ணும் என் பேச்சைக் கேட்கவில்லை. ஜெகதீஸ்வரி அருப்புக்கோட்டை மில்லுக்கு வேனில் போக ஆரம்பித்தாள். எப்போது உலை வைப்பது என்பதுகூட அவள் ஷிப்டைப் பொறுத்தது என்று ஆகிவிட்டது. எனக்கு நெஞ்சு படபடத்தது, தூக்கம் போயிற்று. அப்போதே உங்களிடம் வந்திருக்கலாம். வெட்கமாக இருந்தது.

ஒருநாள் பஞ்சாரத்தைத் தூக்கிப் பார்த்துவிட்டுக் கவிழ்க்காமல் வந்துவிட்டேன். ஒரு குஞ்சைப் பூனை தூக்கிப் போய்விட்டது. தான்தான் மறந்துவிட்டதாக ஜெகதீஸ்வரி அழுதாள். நான் வாயைத் திறக்கவில்லை. அன்றைக்கு அடித்துப் போட்டதுபோல் தூங்கினேன்.

பிறகு தெரிந்தேதான் செய்தேன். அவள் இறக்கி வைத்த குழம்பில் இன்னொரு கை உப்பை அள்ளிப் போட்டேன். சாவியை இடம் மாற்றி வைத்தேன். ஆறுதலும் நானே சொன்னேன்.

எங்கள் பக்கம் படியிறங்கும்போது யாரும் வெறுமனே ‘போறேன்’ என்று சொல்ல மாட்டார்கள். திரும்பி வராதவர்கள் சொல்கிற சொல் அது. ஒரு காலையில் வேன் ஹார்ன் அடித்தது. “போயிட்டு வாரேன்” என்று வழக்கம்போலத்தான் சொன்னாள்.

“ஏன் ஈஸ்வரி, போறேன்னு சொல்லுற?” என்றேன்.

“வாரேன்னுதான சொன்னேன்.”

“இல்ல. போறேன்னு சொன்ன.”

என் முகத்தையே பார்த்தாள். அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள். வேன் போய்விட்டது. அப்புறமும் சில காலைகளில் அதையே சொன்னேன். கடைசியில் மில்லில் அவளை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

அதன்பின் அவள் எல்லாவற்றையும் என்னிடம்தான் கேட்டாள். கதவைச் சாத்தினேனா, குளித்தேனா என்று கேட்பாள். எனக்குப் படபடப்பு நின்றுபோனது. அவள் இத்தனை பிரியமாக என்னிடம் இருந்ததே இல்லை.

ஒரு மத்தியானம், “ஏங்க, நான் சாப்ட்டேனா?” என்று கேட்டாள். பானையில் சோறு அப்படியே இருந்தது.

“சாப்ட்ட” என்றேன். நம்புகிறாளா என்று பார்க்கத்தான். தலையை ஆட்டிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டாள். மறுநாளும் கேட்டாள். மறுநாளும், அப்புறம் பல நாளும் அதையே சொன்னேன். சோறு வீணாகவில்லை, ஆட்டுக்குப் போட்டேன்.

என்னை வார்டுக்குள் விடக் கூடாது என்று நர்ஸிடம் சொல்லியிருக்கிறீர்களாம். அது மட்டும் வேண்டாம், டாக்டரம்மா. என்னைக் கேட்காமல் அவள் ஒரு வாய் சாப்பிட மாட்டாள். நான் இல்லாவிட்டால் பட்டினி கிடந்தே செத்துப்போவாள்.