பிரித்தால் பெட்டியில் அடங்கும் அலமாரி

"நீ தரை துடைக்கிற லட்சணத்துக்கு எந்த அலமாரி நிக்கும்?"

"நீ வாங்கிட்டு வந்த லட்சணத்தையும் கொஞ்சம் சொல்லேன். அது அலமாரியா, அட்டைப்பெட்டியா?"

மேல்வீட்டில் புருஷனும் பெண்டாட்டியும் இப்படி மோதிக்கொண்டபோது நான் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன். ஒட்டுக்கேட்கும் பழக்கம் எனக்கில்லை. அவர்கள் ஜன்னலைச் சாத்துவதில்லை, அவ்வளவுதான்.

அது மரத்தூளை அழுத்திச் செய்து, மேலே மர நிறத்தில் தாள் ஒட்டிய அலமாரி. அடிப்பலகை ஊறிய ரொட்டி மாதிரி உப்பியிருந்தது. அவன் அவளைச் சொன்னான், அவள் அவனைச் சொன்னாள். என்னை யாரும் சொல்லவில்லை.

நீங்கள் கேட்பதால் சொல்கிறேன். தண்ணீர் ஊற்றியது நான்தான். இருவரும் வேலைக்குப் போனபின், என்னிடம் கொடுத்திருந்த சாவியால் திறந்து, தினம் ஒரு டம்ளர்.

என் தேக்கு அலமாரியை உள்ளே கொண்டுவர ஆறு பேர் வந்தார்கள். முப்பது வருஷமாக நானும் நகரவில்லை, அதுவும் நகரவில்லை. மேல்வீட்டில் அதற்குள் ஒன்பது குடித்தனம் மாறிவிட்டது. இவள் ஒருத்திதான் வேலை முடிந்து வரும்போது, "சாப்பிட்டீங்களாக்கா?" என்று கதவருகே நின்று கேட்பாள். வீடு மாறப்போவதாக அவள் சொன்னதும், என் அலமாரியை இனாமாகவே எடுத்துக்கொள்ளச் சொன்னேன். கனமான சாமான் இருந்தால் மனிதர்கள் கிளம்ப யோசிப்பார்கள்.

சிரித்தாள். "அதை யாரு தூக்குறதுக்கா? எங்களோடது பிரிச்சா நாலு பெட்டியில அடங்கிடும்."

அன்றுதான் ஊற்ற ஆரம்பித்தேன். அது வீணானால் என்னுடையதை வாங்கிக்கொள்வாள் என்று நினைத்தேன். ஆனால் சண்டையின் முடிவில் அவன், "விடு, போற இடத்துல புதுசு வாங்கிக்கலாம்" என்றுவிட்டான்.

அதன்பிறகு முன்பக்கம் மட்டும் ஊற்றினேன். முன்பக்கம் இளகினால் எப்படிச் சாயும் என்று எனக்குத் தெரியும்.

ஒரு சனிக்கிழமை காலை, அவள் அலமாரிக் கதவைத் திறந்தபோது அவள்மேலேயே சாய்ந்தது. முதலில் ஓடியது நான்தான். இடுப்பெலும்பு முறிந்திருந்தது. ஆம்புலன்ஸ் வரும்வரை என் கையை அவள் விடவேயில்லை. அவ்வளவு நேரம் என் கையை யாரும் பிடித்துக்கொண்டதில்லை. மூன்று மாதம் அசையக் கூடாது என்றார் டாக்டர். எனக்கு மனசு நிறைந்துபோனது.

யாரால் விழுந்தது என்பதிலேயே இருவரும் பிரிந்தார்கள். அவன் வருஷம் திரும்புவதற்குள் கூட வேலை செய்தவளைக் கட்டிக்கொண்டான். இவளை, அதுவரை எட்டிக்கூடப் பார்க்காத சொந்த அக்கா வந்து வெளியூருக்கு அழைத்துப் போனாள். கைத்தடியோடுதான் நடக்கிறாளாம்.

என்னிடம் ஒரு வார்த்தை சொல்லிக்கொள்ளாமலே போய்விட்டாள். அப்படி என்ன குறை வைத்தேன் அவளுக்கு?