சத்தத்தைக் குறைத்த வாரம்

நான் ஹாரன் அடிப்பதில்லை. கார் வாங்கி ஒன்பது வருடமாகிறது, இதுவரை ஹாரன் அடித்ததை விரல்விட்டு எண்ணிவிடலாம். நடந்து போகிற மனுஷனின் முதுகுக்குப் பின்னால் போய் நின்று கத்துவது எந்த ஊர் நாகரிகம்? பேருந்து நிலையத்தில் தொடங்கினால் கெடிலம் பாலம் வரைக்கும் ஹாரனிலிருந்து கையை எடுக்காத கடலூரில் இப்படியும் ஒருவன் இருக்கிறான். அதை யாரும் கவனித்ததில்லை.

இன்ஸ்பெக்டர் ஜெயப்பிரகாஷ் ஐயா, மரிய ஜோசப் சாரைப் பற்றி நீங்கள் விசாரித்தபோது நான் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. சொல்லாதது கொஞ்சம் இருக்கிறது. அதைத்தான் எழுதுகிறேன். யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை.

எனக்கு மஞ்சக்குப்பத்தில் மூக்குக்கண்ணாடிக் கடை. இருபது வருடமாகப் பிறர் கண்ணைச் சோதித்து எழுதிக் கொடுக்கிறேன். என்னிடம் கண்ணாடி வாங்கியவர்கள் தெருவில் என்னைப் பார்த்தால் அடையாளம் தெரியாமல் போவார்கள். என் தொழில் திறமைக்கு இது நல்ல சாட்சியம் இல்லைதான். நான் குள்ளம், மெல்லிய குரல், முன்நெற்றி வழுக்கை. திருமண வீட்டில் பந்திக்கு உட்கார்ந்தால் பரிமாறுகிறவர் என் இலையைத் தாண்டிப் போய்விடுவார். இதையெல்லாம் வருத்தப்பட்டுச் சொல்லவில்லை. உள்ளதைச் சொல்கிறேன்.

இரண்டு வருடத்துக்கு முன் சிதம்பரம் புறவழிச்சாலையில் இளவரசுவின் பட்டறைக்குப் போனேன். கார்களுக்குச் சைலன்சர் மாற்றி, கேட்கிற சத்தத்தை வரவழைத்துக் கொடுப்பவர். வைத்தியர் மாதிரி நிதானமாக விசாரித்தார்.

“உறுமணுமா சார், வெடிக்கணுமா?”

“கௌரவமா இருக்கணும்.”

“அப்ப உறுமல்தான். எவ்ளோ தூரத்துக்குக் கேக்கணும்?”

ரேஷன் கடைத் திருப்பத்தில் வண்டி வந்தால் எங்கள் வீட்டில் கேட்க வேண்டும் என்றேன். அவர் பின்னால் இருந்த டப்பாவை அறுத்து எடுத்துவிட்டு அகலமான குழாய் ஒன்றை வைத்துப் பற்றவைத்தார். ஸ்டார்ட் செய்யச் சொல்லி, சாலையோரம் கண்ணை மூடி நின்று கேட்டார். மறுபடி அறுத்தார், மறுபடி பற்றவைத்தார். மூன்றாவது தடவை தலையாட்டினார். பழைய சைலன்சரைத் தினத்தாளில் சுற்றிக் கொடுத்து, “தூக்கிப் போட்றாதீங்க சார். ஆர்.டி.ஓ. ஆபீஸ் பக்கம் போறப்ப மாட்டிக்கலாம்,” என்றார். பரணில் வைத்தேன்.

அன்று மாலை என் வண்டி தெருவுக்குள் நுழைந்தபோது குழாயடியில் நின்ற பெண்கள் குடங்களை எடுத்துக்கொண்டு ஒதுங்கினார்கள். பந்து விளையாடிய பிள்ளைகள் ஸ்டம்பைப் பிடுங்கிக்கொண்டு ஓடினார்கள். பெட்டிக்கடை ஆரோக்கியராஜ் எழுந்து எட்டிப் பார்த்தார். என் மனைவி ரெபேக்கா நான் வீட்டு வாசலை அடையும் முன்பே தோசைக்கல்லை அடுப்பில் ஏற்றியிருந்தாள். தெருமுனை வீட்டு மேரி ஷாலினியின் கைக்குழந்தை விழித்துக்கொண்டு அழுதது. குழந்தைகள் எதற்கும் அழும். எனக்கு அன்றைக்கு இருந்த சந்தோஷத்தை என் கல்யாணத்தன்றுகூட நான் அனுபவித்ததில்லை.

மரிய ஜோசப் சார் எங்கள் தெருவின் கடைசி வீடு. பணி ஓய்வு பெற்ற தலைமையாசிரியர், எழுபத்து நான்கு வயது. மனைவி புஷ்பமேரியும் டீச்சராக இருந்தவர்தான். தினமும் காலை ஆறு மணித் திருப்பலிக்கு நடந்தே போவார், தெருவின் நடுவிலேயே போவார். ஏன் நடுவில் என்று ஒருநாள் அவரே என் கடைக்கு வந்தபோது எனக்குத் தெரிந்தது. பக்கத்திலிருந்து விரலை நீட்டிக் காட்டினேன். அவருக்குத் தெரியவில்லை. இன்னும் உள்ளே கொண்டுவந்தேன், தெரியவில்லை. மூக்குக்கு நேராக வந்த பிறகுதான், “ஆங், விரலு,” என்றார்.

“பாண்டிச்சேரில பாத்துட்டாங்கடா ஆன்டோ. நரம்பு போயிடுச்சாம், போனது போனதுதான்னுட்டாங்க. புஷ்பத்துக்குச் சொல்லல. தெரிஞ்சா என்ன வெளிய வுடமாட்டா. நீயும் சொல்லிடாத.”

சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன். கொடுத்த வாக்கை இன்று வரை காப்பாற்றினேன். தெருவில் எப்படிச் சமாளிக்கிறீர்கள் என்று கேட்டேன்.

“ஓரமா போனா சாக்கடை, பைக்கு. நடுவுல போனா ஒன்னும் இல்ல. பைக்கு சத்தம் கேட்டுடும். நம்ம தெருவுல காருன்னா உன் கார் ஒன்னுதான். அதுதான் ரேஷன் கடைகிட்டயே சொல்லிட்டு வருதே. கேட்டதும் ஷாலினி வீட்டுப் படில ஏறி நின்னுக்குவேன்.”

எங்கள் தெருவில் என் சத்தத்தால் பயனடைந்த ஒரே ஆள் அவர்தான். அந்தச் சத்தத்தை நிறுத்தச் சொல்லி மனு எழுதியவரும் அவரே.

அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. தெருவில் தண்ணீர் வரவில்லை, விளக்கு எரியவில்லை என்றால் மனு எழுதுவது அவர் வேலை. முப்பது வருடமாக அப்படித்தான். தெருவின் கத்தோலிக்கக் குடும்பங்கள் கூடும் எங்கள் அன்பியக் கூட்டம் மாதம் ஒருமுறை யாராவது ஒருவர் வீட்டில் நடக்கும். வேத வாசகம், செபம், பிறகு தெருப் பிரச்சினை, பிறகு டீயும் போண்டாவும். சென்ற நவம்பரில் எங்கள் வீட்டு முறை. மேரி ஷாலினி தன் குழந்தை தூங்குவதில்லை என்று ஆரம்பித்தாள். சார் என் பக்கம் திரும்பினார். கேலிக்குத்தான் கேட்டார்.

“ஏன்டா ஆன்டோ, உன் வண்டிக்கு வாய்வுத் தொல்லையா? கொஞ்சம் ஓமத் தண்ணி குடுத்துப் பாரேன்.”

இருபத்து மூன்று பேர் இருந்தோம். எல்லோரும் சிரித்தார்கள். ஆரோக்கியராஜுக்குப் புரையேறியது. டீத் தட்டோடு நின்ற ரெபேக்கா சிரித்ததில் தட்டு ஆடி, எல்லாக் குவளையிலிருந்தும் டீ சிந்தியது. நானும் சிரித்தேன். மறுநாளிலிருந்து தெருப் பிள்ளைகள் என்னை ‘ஓமத் தண்ணி மாமா’ என்றார்கள். பொங்கலுக்குள் பெரியவர்களுக்கும் அது வாயில் வந்துவிட்டது. என் கடைக்கு வந்த ஒருவர், “ஓமத் தண்ணிக் கடை இதானே?” என்று கேட்டார். வெளியூர்க்காரர், புவனகிரியிலிருந்து வந்தவர். அது பட்டப்பெயர் என்பதே அவருக்குத் தெரியவில்லை.

உங்கள் ஸ்டேஷனுக்கு வந்த மனுவில் நாற்பத்தொரு கையெழுத்து. ‘நாங்கள் செபமாலை சொல்லும்போது எங்கள் குரல் மாதாவுக்கே எட்டுவதில்லை’ என்று சார் எழுதியிருந்தார். நல்ல தமிழ். முப்பத்தேழாவது கையெழுத்து ரெபேக்காவுடையது. கேட்டதற்கு, “எல்லாரும் போட்டாங்க, நான் மட்டும் எப்படிங்க போடாம இருக்கறது?” என்றாள். நியாயமான பதில்.

நீங்கள் என்னைக் கூப்பிட்டு ஏழு நாளில் பழைய சைலன்சரை மாட்டச் சொன்னீர்கள். நான் எதிர்த்துப் பேசவில்லை. அந்த அறையில் உட்கார்ந்திருந்தபோதே எனக்கு எல்லாம் தெளிவாகிவிட்டது. சாரிடம் போய், “உங்க கண்ணுக்கு இந்தச் சத்தம்தான் சார் துணை,” என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பிறர் ரகசியத்தை அவர்களிடமே எடுத்துப் பேசுவது அவ்வளவு நாகரிகமில்லை என்று விட்டுவிட்டேன்.

மூன்றாம் நாளே சிதம்பரம் போனேன். இளவரசுக்கு முகம் வாடிவிட்டது. “இத்தினி நாள் பேசின வண்டி சார்,” என்றார். பழையதை மாட்டினார். ஓட்டிப் பார்த்தேன். பெட்ரோல் வண்டி, மெதுவாகப் போனால் மிதிவண்டி அளவுகூடச் சத்தமில்லை. ரசீது வாங்கிக்கொண்டேன், உங்களிடம் கொடுத்திருக்கிறேன்.

மறுநாள் காலை வெள்ளிக் கடற்கரையில் நடைப்பயிற்சி முடித்துத் திரும்பினேன். பூசை முடிந்து சார் நடுத்தெருவில் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார். அவர் பின்னால் நெருங்கினேன், விலகவில்லை. இன்னும் நெருங்கி நிறுத்தினேன். டயரின் அரவம் கேட்டோ என்னவோ அப்போதுதான் திரும்பினார்.

“யாருப்பா?”

“ஆன்டோ சார்.”

“உன் வண்டி எங்கடா?”

“சிதம்பரத்துல வுட்டிருக்கேன் சார், சைலன்சர் மாத்தறாங்க. வர பத்து நாள் ஆவும். இது மச்சான் ஜெபஸ்டின் வண்டி, இன்னிக்கு ஒரு நாளைக்கு வாங்கியாந்தேன்.”

“நல்லதுடா. சொன்ன பேச்சக் கேட்டியே,” என்று தட்டித் தடவி என் தோளில் தட்டிக் கொடுத்தார். பிறகு மறுபடி தெரு நடுவில் நடக்க ஆரம்பித்தார். பத்து நாளைக்குத் தெருவில் கார் இல்லை என்ற நிம்மதி அவர் நடையில் தெரிந்தது.

டயரின் அரவம் மட்டும் எனக்கு யோசனையாக இருந்தது. அதற்கும் வழி இருந்தது. எங்கள் கோயில் கோபுரத்து ஒலிபெருக்கியில் ஐந்தரைக்குப் பாட்டுப் போடுவார்கள், ஆறு மணிப் பூசையின் இரண்டாம் மணி அடிக்கும் வரை பாடும். ஜன்னல் கண்ணாடியெல்லாம் அதிரும். அதன் மேல் இதுவரை யாரும் மனு எழுதியதில்லை. ஆண்டவருக்குச் செய்வது சத்தமாகாது.

இடையில் மூன்று நாள் வண்டியை வெளியே எடுக்கவில்லை. வியாழக்கிழமை காலை ஐந்து ஐம்பதுக்கு எடுத்தேன். நன்றாக விடிந்துவிட்டது, எனக்கு எல்லாம் துலக்கமாகத் தெரிந்தது. வெள்ளை வேட்டி, கையில் பாட்டுப் புத்தகம். பாட்டு உச்சத்தில் இருந்தது. முப்பத்தைந்து கிலோமீட்டர் வேகம், அதற்கு மேல் போகவில்லை. அவர் வழக்கமாக ஏறி நிற்கும் மேரி ஷாலினி வீட்டுப் படியில்தான் அவர் தலை மோதியது. உடனே இறங்கித் தூக்கினேன். ஆஸ்பத்திரிக்கு என் வண்டியிலேயே கொண்டுபோனேன். அந்த அவசரத்திலும் ஹாரன் அடிக்கவில்லை.

நீங்கள் வந்து பார்த்தீர்கள். சைலன்சர் சட்டப்படி இருந்தது. வேகம் அளவாக இருந்தது. நான் குடிப்பவனில்லை. அவர் நடுச்சாலையில் நடந்ததற்கு ஒன்பது பேர் சாட்சி. அவர் கண்ணைப் பற்றிப் பாண்டிச்சேரிச் சீட்டு அவர் அலமாரியில் கிடைத்தது. புஷ்பமேரி டீச்சர் அதைப் படித்துவிட்டு, “எங்கிட்ட ஏன் சொல்லல, எங்கிட்ட ஏன் சொல்லல,” என்று சுவரில் முட்டிக்கொண்டு அழுதார்கள். எனக்கும் கண் கலங்கியது. நாற்பத்தெட்டு வருடம் ஒன்றாக வாழ்ந்தவர்களுக்குள் இப்படி ஒளிவுமறைவு கூடாது.

மாதா திருநாளுக்கு முன் பாவசங்கீர்த்தனம் செய்தேன். ஒரு பொய் சொன்னேன் சுவாமி, என் வண்டியை மச்சான் வண்டி என்றேன் என்று சொன்னேன். மூன்று ‘அருள் நிறைந்த மரியே’ சொல்லச் சொன்னார். நான்காகச் சொன்னேன்.

இத்தோடு எல்லாம் முடிந்திருக்கும். சாரின் முப்பதாம் நாள் திருப்பலிக்குப் போயிருந்தேன். முடிந்து வெளியே வரும்போது டீச்சர் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்கள்.

“நீ வேணும்னா செஞ்ச? உன் மேல கேஸப் பெருசாக்க வேணாம்னு நான்தான் சொன்னேன். அவர் போற நேரம், உன் வண்டி வந்துச்சு. மனசுல வெச்சிக்காத ஆன்டோ, ஒழுங்கா சாப்புடு.”

நானும் தலையைக் குனிந்துகொண்டுதான் நின்றேன். அப்போது எனக்குப் பின்னால் ஆரோக்கியராஜ் யாரிடமோ தணிந்த குரலில் சொன்னார்.

“பாவம்பா, அவருக்கு வண்டியே ஓட்ட வராது. சத்தம் இருந்தப்ப ஜனமே ஒதுங்கிக்கிச்சி, இவுரும் ஓட்டிட்டாரு. சத்தம் போச்சு, வண்டவாளம் தண்டவாளம் ஏறிப்போச்சு.”

நாலைந்து பேர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். துக்க வீட்டார் நிற்கிற இடத்தில் சிரித்தார்கள். ரெபேக்கா என் பக்கத்தில்தான் இருந்தாள். அவள் சிரிக்கவில்லை, தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆனால் உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

வழக்குத் தாளின் நகலை வாங்கிப் பார்த்தேன். ‘ஓட்டுநரின் கவனக்குறைவாலும் அனுபவமின்மையாலும்’ என்று நீங்களும் எழுதியிருக்கிறீர்கள். ஐயா, இது அபாண்டம். ஒன்பது வருடத்தில் என் வண்டியில் ஒரு கீறல் விழுந்ததில்லை. அன்று ஸ்டியரிங் ஓர் அங்குலம்கூட ஆடவில்லை. பிரேக்கை எப்போது மிதிக்க வேண்டுமோ அப்போது மிதித்தேன், மோதிய பிறகு. மரிய ஜோசப் சாரை நான்தான் கொன்றேன். கண் தெரியாது என்று தெரிந்து, கேட்காது என்று தெரிந்து, நேரம் பார்த்து, நேராக ஓட்டிக் கொன்றேன்.

தயவுசெய்து திருத்தி எழுதுங்கள். திருத்தியதில் ஒரு நகலைக் கோயில் அறிவிப்புப் பலகையில் ஒட்ட அனுமதி வேண்டும். ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னால் ஒட்டினால் நல்லது, அன்றைக்குத்தான் எல்லோரும் வருவார்கள். மற்றபடி ஊர் என்னைப் பற்றி என்ன பேசுகிறது என்பதை நான் என்றைக்கும் பொருட்படுத்தியதில்லை.