டெக்சஸ் போலீஸை அறிந்தவர்

என் மகனுக்கு டிரைவிங் லைசென்ஸ் கிடைத்த வாரம். டாலஸில் இந்தியக் கடை வரிசையில் எனக்கு முன்னால் ஒரு பெண்ணும், ஊரிலிருந்து வந்திருந்த அவள் அப்பாவும். கார், போலீஸ் என்று பேச்சு வரவே காது கொடுத்தேன்.

"ஸ்பீடிங்குக்கு போலீஸ்காரன் என்னைத்தானே நிறுத்தினான்? நீங்க ஏன்பா காரை விட்டு இறங்கினீங்க?"

"நம்ம ஊர்ல இறங்கி நிக்கறதுதாம்மா மரியாதை."

"அவன் கை துப்பாக்கிக்குப் போச்சு."

"சும்மா சுட மாட்டான். அந்த டெக்சஸ் போலீஸ் சீரியலை வருஷக்கணக்கா பாக்கறேன். ஹீரோ கராத்தேலயே முடிச்சிடுவான்."

"ஓ, உதைதான் விழும்னு தைரியமா போனீங்களா?"

"நல்லவங்களை அவன் தொடவே மாட்டாம்மா."

"நீங்க நல்லவர்னு இந்த போலீஸ்காரனுக்கு எந்த எபிசோட்ல சொன்னாங்க?"

வெளியே அப்பாவைக் காரின் பின்சீட்டில் உட்காரவைத்து, உள்ளிருந்து திறக்க முடியாதபடி கதவில் சைல்டு லாக் போட்டாள்.