வெறும் கூச்சம்

பைப் பிடிப்பவர்களுக்கு ஐஸ் தண்ணீர் ஆகாது. புகையின் சூடுதான் காரணம் என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். அது பாதிதான் உண்மை. பைப்பின் தண்டை வருடக்கணக்கில் ஒரே இடத்தில் கடித்துப் பிடிப்பதால் அங்குள்ள பற்கள் தேய்ந்து பள்ளம் விழுந்துவிடும். மேல்பூச்சு போன பல்லுக்குக் குளிர்ச்சி, சூடு, இனிப்பு எதுவும் தாங்காது. இதைத்தான் பல் கூச்சம் என்கிறோம். இருபத்திரண்டு வருடமாக அடுத்தவர் வாய்க்குள் எட்டிப் பார்த்தே பிழைத்தவன் சொல்கிறேன், நீங்கள் நம்பலாம்.

என் கிளினிக்கிலிருந்து எடுத்து வந்த இரண்டு நோயாளி அட்டைகளை இந்த ஸ்டேஷன் மேசையில் வைத்தீர்கள். ஒன்று என் அத்தானுடையது, அதாவது அக்காவின் கணவருடையது. அதில் ஐந்து வருகைகளுக்கு நேராகவும் ஒரே சொல்தான் இருக்கிறது: கூச்சம். அதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டீர்கள். வாயால் சொன்னால் நடுவில் குறுக்கிடுவீர்கள், அதனால் எழுதித் தருகிறேன். இன்னொரு அட்டைக்கும் இந்த விஷயத்துக்கும் சம்பந்தமில்லை.

அத்தான் காப்பீட்டு நிறுவனத்தில் கிளை மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். நல்ல உயரம், நல்ல குரல், ஓயாத பேச்சு. ஒரு வாக்கியம் பேசிவிட்டுப் பைப்பை இழுப்பார். எதிரில் இருப்பவர் வாயைத் திறப்பதற்குள் அடுத்த வாக்கியத்தைத் தொடங்கிவிடுவார். அவர் வாயைத் திறந்து வைத்துக்கொண்டு பேசாமல் இருந்த இடம் உலகத்திலேயே என் நாற்காலி ஒன்றுதான்.

அக்கா இறந்து நாலு மாதம் கழித்து முதல் தடவை வந்தார். இடது பக்கம் கடைவாயில் கூச்சம் என்றார். பள்ளம் விழுந்த பற்களைப் பார்த்தேன். பக்கத்திலேயே, நாக்கின் ஓரத்தில், கொஞ்சம் அடிப்பக்கமாக, அரிசி அளவுக்கு ஒரு வெள்ளைத் திட்டு இருந்தது. பஞ்சால் துடைத்தேன், போகவில்லை. பைப் பிடிப்பவர் வாயில் துடைத்தாலும் போகாத வெள்ளைத் திட்டு இருந்தால் என்ன செய்ய வேண்டும் என்பது கல்லூரியை விட்டு நேற்று வந்தவருக்குக்கூடத் தெரியும். மரத்துப்போக ஓர் ஊசி போட்டு, ஒரு துணுக்கு வெட்டி, பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும். பத்து நிமிட வேலை. அன்றைக்கே செய்திருந்தால் மனிதர் இன்னும் இருபது வருடம் பேசிக்கொண்டிருந்திருப்பார்.

வாயைக் கொப்பளித்துவிட்டு அவரே கேட்டார்.

"மாப்ள, அந்தப் பக்கம் நாக்குலகூட ஒரு மாதிரி சுருக்குங்குது. பயப்படுற மாதிரி ஒண்ணும் இல்லையே?"

"வெறும் கூச்சம்தான் அத்தான்."

இந்தச் சொல்லை நான் தேடிப் பிடிக்கவில்லை. எனக்கு அதைக் கொடுத்ததே அவர்தான்.

அக்காவுக்கு மார்பில் கட்டி. மருத்துவரிடம் போகாமல் பதினாலு மாதம் வைத்திருந்தாள். போனபோது செய்வதற்கு ஒன்றும் மிச்சமில்லை. அவளை அடக்கம் செய்துவிட்டு வந்த அன்று வீடு நிறைய ஆட்கள். அத்தான் ஜன்னலோரம் உட்கார்ந்து பைப்பைப் பற்றவைத்தார். ஏன் முன்னாலேயே காட்டவில்லை என்று யாரோ கேட்டார்கள். "என்னத்தச் சொல்ல, அவளுக்கு ஒரே கூச்சம். டாக்டர்கிட்ட காட்ட மாட்டேன்னுட்டா" என்றார். எல்லோரும் தலையை ஆட்டினார்கள். செத்தவள் மேலேயே பழியைப் போட்டுவிட்டு மனிதர் புகையை விட்டுக்கொண்டிருந்தார்.

அக்கா மகள் என்னைச் சமையலறைக்கு இழுத்துக்கொண்டு போனாள். "பொய் மாமா. அம்மா போகணும்னுதான் சொன்னாங்க. 'கண்ட ஆம்பளைகிட்டயும் போய்க் காட்டப் போறியா'ன்னு அப்பாதான் கேட்டாரு. அதுக்கப்புறம் அம்மா வாயே திறக்கல."

எனக்குக் கோபம் வந்தது. அதை மறைக்க விரும்பவில்லை. அது இன்றுவரை அணையவில்லை. நாலு பேர் முன்னால் அந்தப் பைப்பைப் பிடுங்கி உடைத்திருக்கலாம், சட்டையைப் பிடித்து உலுக்கியிருக்கலாம். நான் யாரிடமும் குரலை உயர்த்திப் பழகாதவன். கூடத்துக்குப் போய், தொண்டை காய்ந்திருக்கும் என்று அவருக்கு ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தேன்.

ஆறு மாதத்துக்கு ஒரு தடவை வரச் சொன்னேன், தவறாமல் வந்தார். அவர் பற்களுக்கு நான் எந்தக் குறையும் வைக்கவில்லை. கறையைச் சுரண்டி எடுத்தேன், பள்ளங்களை அடைத்தேன், கூச்சத்துக்கு நல்ல பற்பசை எழுதிக் கொடுத்தேன். மிருதுவான பிரஷ்ஷால் வட்டமாகத் தேய்க்கச் சொல்லிக் கொடுத்தேன். அந்தப் பற்களை நீங்கள் பார்த்திருந்தால் ஐம்பது வயதுக்காரருடையது என்பீர்கள். திட்டு இரண்டாம் வருகையில் பட்டாணி அளவுக்கு வந்திருந்தது. மூன்றாவதில் நடுவில் சிவந்திருந்தது. நாலாவதில் விரலுக்குக் கெட்டியாகத் தட்டுப்பட்டது. வலிக்கிறது என்றார். தடவினால் மரத்துப்போகும் களிம்பு ஒன்றைக் கொடுத்தேன், வலி தெரியாமல் போயிற்று.

"பைப்ப விட்டுடணுமா மாப்ள? சொல்லு, விட்டுடறேன்."

நிஜமாகவே விட்டிருப்பார் என்று நினைக்கிறேன். குரல் அப்படி இருந்தது.

"எதுக்கு அத்தான்? உங்களுக்குன்னு இருக்கறது அது ஒண்ணுதான்."

அவருடைய பிறந்தநாளுக்குப் புதுப் பைப் ஒன்று வாங்கிக் கொடுத்தேன். பழையதைவிடத் தண்டு குட்டை. தண்டு குட்டையானால் புகை ஆறாமல் சூடாகவே நாக்குக்கு வந்து சேரும். அவர் கண் கலங்கிவிட்டது. "நீ எனக்கு மச்சினன் இல்லடா, மகன்" என்றார்.

என் நர்ஸ் ஒரு நாள் விளக்கைப் பிடித்துக்கொண்டே, "சார், நாக்கு ஓரத்துல என்னமோ..." என்று தொடங்கினார். "தெரியும்மா, நான் பாத்துக்கறேன்" என்றேன். அடுத்த தடவை அத்தான் வந்தபோது அந்த அம்மாவுக்கு விடுமுறை கொடுத்திருந்தேன். நீங்கள் அவரைத் தொந்தரவு செய்ய வேண்டாம். அவர்மேல் தப்பில்லை.

ஐந்தாம் வருகைக்குப் பிறகு காது வலி தாங்காமல் மகள் அவரை வேறு மருத்துவமனைக்கு அழைத்துப் போனாள். அங்கே வாயைத் திறந்து பார்த்த மருத்துவர் புற்றுநோய் என்று ஐந்து நிமிடத்தில் சொல்லிவிட்டார். நாக்கில் பாதியையும் தாடையில் ஒரு பக்கத்தையும் எடுத்தார்கள். நான் பார்க்கப் போனேன். மூக்கில் குழாயோடு, சிலேட்டு ஒன்றை மடியில் வைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுதித் திருப்பிக் காட்டினார். 'கூச்சமா?' என்று எழுதியிருந்தது.

"ஆமாம் அத்தான், அக்காவுக்கு இருந்த அதே கூச்சம்தான்" என்றேன். என்னை நிமிர்ந்து பார்த்தார். புரிந்துவிட்டது என்று தெரிந்தது. பிறகு சிலேட்டைத் துடைத்துவிட்டார். அதற்கப்புறம் உயிரோடு இருந்த மூன்று வாரமும் யாருக்கும் எதையும் எழுதிக் காட்டவில்லையாம்.

ஆகவே, முதல் நாளே எனக்குத் தெரியும். தெரிந்தே விட்டேன், தெரிந்தே வளர்த்தேன். கவனக்குறைவு என்று எழுதி என்னைக் காப்பாற்ற நினைக்காதீர்கள், அப்படிச் சொன்னால் எனக்கு அவமானம். ஒரு பெண் வலியைச் சொல்லும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டு, பிறகு அதற்குக் கூச்சம் என்று பெயர் வைப்பவனுக்கு வேறு தண்டனை கிடையாது.

இத்தோடு முடித்திருப்பேன். ஆனால் அந்த இரண்டாவது அட்டையை மறுபடியும் என் பக்கம் நகர்த்தி வைத்திருக்கிறீர்கள். அது அக்காவுடையது. அத்தானிடம் சொல்வதற்கு ஒரு வாரம் முன்னால் என்னிடம் வந்திருந்தாள். பல் பார்ப்பதற்குத்தான். நாற்காலியில் சாய்ந்துகொண்டு, "தம்பி, இங்க ஒரு கட்டி மாதிரி கைக்குத் தட்டுப்படுது. பாத்துச் சொல்றியா? இல்ல, யார்கிட்ட போறதுன்னாவது சொல்லு" என்றாள். கையை அந்த இடத்தில் வைத்துத்தான் சொன்னாள். நான் தட்டில் இருந்த கருவிகளைச் சரிசெய்துகொண்டிருந்தேன்.

"ஒண்ணும் இருக்காதுக்கா. அத்தான்கிட்ட சொல்லு, அவரு பாத்துக்குவாரு. தண்ணி குடிச்சா எந்தப் பல்லு கூசுது?"

அவள் கையை எடுத்துவிட்டு, கீழ் வரிசையில் ஒரு பல்லைக் காட்டினாள். அதை நன்றாகவே பார்த்து அனுப்பினேன். தயவுசெய்து அந்த அட்டையைக் கோப்பில் சேர்க்காதீர்கள். அதில் கூச்சம் என்று எழுதியிருப்பது பல்லைப் பற்றி மட்டும்தான்.